பளிங்குக் கணப்பில் ரத்தம்

மூன்றாவது அடியில்தான் மூக்குக் கண்ணாடி உடைந்தது.

முதல் அடி பிடரியில். அது அடி என்றே ஞானவேலுக்குப் புரியவில்லை. ஹாலின் உச்சியில் தொங்கிய சரவிளக்குதான் அறுந்து தலையில் விழுந்துவிட்டது என்று நினைத்தார்.

இரண்டாவது அடிக்குத் திரும்பிப் பார்த்தார்.

பார்த்ததும் புரிந்தது.

"வேணாம்... நான் சொல்றதக் கொஞ்சம்..."

கேட்க ஆளில்லை!

கணப்பு கிளறும் இரும்புக் கம்பி நெற்றியில் இறங்கியது. கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததும் உடைந்தது.

ஞானவேல் தவழ்ந்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. கணப்பின் வெள்ளைப் பளிங்கில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்தன. உயிர் பிழைக்க நினைப்பவன் வாசல் பக்கம்தானே போவான்? அவர் போகவில்லை. கணப்புக்குள் தலையை நுழைத்து, வலது கையை மேலே... புகைபோக்கிக்குள்... நீட்டினார்.

சாகிறவனுக்குத் திசை தெரியவில்லை என்று அடித்தவன் நினைத்தான்.

தப்பு!

நான்காவது அடி விழுந்தது. நீட்டிய கை கீழே வந்தது.

1958, அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணி. கொடைக்கானலில் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மனிதனா என்று தெரியாத நேரம். கொலை செய்ய இதைவிட வசதியான ஊர் கிடையாது.

* * *

"டிரிங்... டிரிங்... டிரிங்..."

ஹெட் கான்ஸ்டபிள் சுப்புராஜ் போனை எடுத்தார்.

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்... ஆமாங்க... என்னது?!"

எதிரே சப் இன்ஸ்பெக்டர் குருநாதன் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்து வெயிலில் முப்பத்து நான்கு வருஷம் காய்ந்த உடம்பு. மாற்றலாகி மலையேறி மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமாக மூக்கடைப்பு! சாம்பாரும் ரசமும் அவருக்கு ஒன்றுதான்.

"சார்! வெள்ளியம்பட்டி ஜமீன் பங்களாவுல கொலை! ஜமீன்தாரே பேசுறாரு!"

"செத்தது யாரு?"

"மெட்ராஸ்ல இருந்து வந்த காலேஜ் வாத்தியாராம் சார். கொலகாரனைப் புடிச்சு வச்சிருக்காராம்."

"நம்ம சோலியையும் அவரே பாத்துட்டாரா?" குருநாதன் போர்வையை உதறினார். "ஜீப்பை எடுய்யா. அச்ச்ச்!"

* * *

பங்களா ஹாலில் நான்கு விளக்குகள் எரிந்தன.

நடுவில் ஞானவேல் கிடந்தார். நாற்பது வயது இருக்கும். கதர்ச் சட்டையின் நிறம் என்ன என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இடது கால் ஷூ ஒழுங்காகக் கட்டியிருந்தது. வலது கால் ஷூவில் லேஸே இல்லை. குருநாதன் அதைக் குறித்துக்கொண்டார்.

பிணத்துக்கு அந்தப்பக்கம், சுவரோரமாக ஒருவன் மண்டியிட்டிருந்தான். பங்களாக் காவல்காரன் மலைச்சாமி. பூம்பாறைப் பக்கத்துக்காரன். வயது ஐம்பது. இரண்டு கையிலும் ரத்தம்!

அவன் நெற்றிக்கு நேராக இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றார் ஜமீன்தார் துரைப்பாண்டியன். கம்பளிக் கோட்டு, கழுத்தில் பட்டு மஃப்ளர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. சட்டத்தால் அவருடைய மீசையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"என் கண்ணால பாத்தேன், சப் இன்ஸ்பெக்டர்! நாலு மணியிலேர்ந்து கிளப்புல இருந்தேன். ஆறு மணிக்கு உள்ள வர்றேன். கணப்புல ஆளுயரத்துக்கு நெருப்பு! அந்த வெளிச்சத்துல இந்த நாய் கம்பியை ஓங்கி அடிக்கறான்..."

"ஆளுயரத்துக்கா?"

"ஆளுயரத்துக்கு! ஞானவேலோட பேப்பர் பூரா அதுல எரியுது. எட்டு வருஷமா எழுதின புஸ்தகம். மெட்ராஸ்ல இருக்கற ஜமீன் மாளிகைகளோட சரித்திரம். எங்க வீட்டைப் பத்தி எழுதறதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். எங்கப்பா காலத்துக் காகிதமெல்லாம் இங்கதான் இருக்கு."

கணப்புத் தட்டில் காகிதச் சாம்பல் குவிந்து கிடந்தது.

"இவன் ஏன் சார் வாத்தியாரைக் கொல்லணும்?"

"வெள்ளிச் சாமானைத் திருடியிருக்கான். ஞானவேல் கண்டுபிடிச்சுட்டாரு."

குருநாதன் மலைச்சாமி பக்கம் திரும்பினார்.

"நீ என்னய்யா சொல்ற?"

"நான் வர்றப்பவே வாத்தியாரய்யா இப்படித்தான் கெடந்தாகங்க. கம்பி அவுக மேல கெடந்துச்சு. எடுத்து அங்கிட்டு வச்சேன். தூக்கிப் பாத்தேன். அம்புட்டுதாங்க."

"அப்ப கணப்புல நெருப்பு எரிஞ்சுதா?"

"எரியலீங்க."

"சாம்பல் கெடக்கே?"

மலைச்சாமி வாயைத் திறந்தான். கணப்பைப் பார்த்தான். ஜமீன்தாரைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"கேக்குறேன்ல? நெருப்பு இல்லாம சாம்பல் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"



அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பான். சொல்லவில்லை. தூக்குக் கயிற்றுக்குத் தானாகவே கழுத்தை நீட்டினான்!

சுப்புராஜ் விலங்கை மாட்டினார்.

குருநாதன் ஜமீன்தாரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"மழையில நனைஞ்சீங்களா சார்? தலை ஈரமா இருக்கே."

"கிளப்புல இருந்து வர்றப்ப தூறல்."

தலை ஈரம். கோட்டு காய்ந்திருந்தது. குருநாதன் அதையும் குறித்துக்கொண்டார். தும்மினார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாக்கப்பில் சத்தம்.

"எங்கடா வெள்ளி? சொல்லுடா!"

சுப்புராஜின் லத்தி மலைச்சாமியின் முழங்காலில் இறங்கியது. அவன் சுருண்டான். அடுத்தது விலாவில். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. பாதத்தில் விழுந்த அடிக்குத்தான் முதல்முறையாக அலறினான்.

"அய்யோ... வெள்ளியக் கண்ணால பாக்கலீங்க..."

"பாக்கலையா? இந்தா பாரு!"

"சுப்புராஜ்!" குருநாதன் உள்ளே வந்து லத்தியைப் பிடுங்கினார். "அடிச்சா வர்றது உண்மை இல்லைய்யா, ரத்தம். வெளிய போ."

மலைச்சாமியைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி ஒரு ஜமீன்தார்! கையில் ரத்தத்தோடு அகப்பட்டவன் ஒரு காவல்காரன். எந்தக் கோர்ட்டிலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தூக்குதான்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு. பூம்பாறையிலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருக்கிறாள்.

"அய்யா, நான் அவரு பொஞ்சாதி, சின்னத்தாயிங்க. ஒருக்கா மொகத்தப் பாத்துக்கிடுறேங்க."

குருநாதன் தலையசைத்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழிந்த உதட்டைப் பார்த்ததும் சத்தமில்லாமல் அழுதாள்.

மலைச்சாமி கம்பியருகே நகர்ந்து குசுகுசுத்தான்.

"அழுவாத. வெரசா பங்களாவுக்குப் போ. ஹால்ல பொகக்கூண்டுக்குள்ள கெடக்குல்ல... எசமான் கண்ணுல படுமுன்ன எறக்கிரு. ஏழு குடும்பத்துது. நான் தொங்குனாலும் அது போயிரக் கூடாது."

சுவருக்கு இந்தப்பக்கம் சுப்புராஜின் காது சுவரோடு ஒட்டியிருந்தது!

"சார்! சார்! அகப்பட்டுக்கிட்டான்! ஏழு வீட்டுத் திருட்டுச் சொத்து! புகைபோக்கிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்!"

சின்னத்தாயி பதறி எழுந்தாள்.

"இல்லீங்க... அய்யோ, அது வேணாங்க... அங்கிட்டுப் போவாதீக!"

"பாத்தீங்களா சார் மூஞ்சிய?"

குருநாதனின் மனசு கனத்தது. இவன் செய்திருக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அது இப்போது ஆட்டம் கண்டது.

"புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்து."

* * *

பங்களா வாசலில் ஒரு வாடகை டாக்ஸி நின்றது. பக்கத்தில் தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக இப்ராம்சா. கொடைக்கானல் பஜாரில் பழைய சாமான் வியாபாரம். வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது அவர்களுடைய கட்டில், பியானோ, தொப்பி மாட்டும் ஸ்டாண்டு வரை வாங்கி விற்றவர்.

"சரவிளக்கைக் கழட்ட வந்தேனுங்கய்யா. கொலையாம்ல? கேட்டுட்டு வெளியிலயே நின்னுட்டேனுங்க."

"சரவிளக்கை விக்கிறாரா ஜமீன்தார்?"

"இது என்னங்கய்யா! மெட்ராஸ்ல, அடையாறு ஆத்தங்கரையில அவுகளுக்கு ஒரு வீடு இருக்கு. வெள்ளியம்பட்டி ஹவுஸ். அத நாளைக்குத் திங்கக்கெழம ஓட்டல்காரங்களுக்கு எழுதிக் குடுக்குறாக. எழுதுன மறுநாளு இடிக்கிறாக. முப்பத்திரண்டு பர்மாத் தேக்குக் கதவு. அதுல பாதி எனக்குத்தான்."

"நீங்க பாத்திருக்கீங்களா அந்த வீட்டை?"

"ரெண்டு நாள் சுத்திப் பாத்தேனுங்க. அம்மாடி! அவுக தாத்தா கட்டுனது. கவர்னருக்கு ஒரே ஒரு விருந்து வைக்கிறதுக்குன்னே கட்டுனாராம். டான்ஸ் ஆட ஒரு ஹாலு. அதுக்கு மேல பொம்பளைங்க மறைஞ்சு நின்னு பாக்குறதுக்கு மரத்துல சல்லடை ஜன்னல். கவர்னர் வீட்டுல இருக்கறது எல்லாம் இங்கயும் இருக்கணும்னு, சீமையில இருந்து பளிங்குல கணப்பு எறக்கியிருக்காரு."

"எங்க? மெட்ராஸ்லயா?"

"மெட்ராஸ்லதாங்க!"

குருநாதனுக்குத் தும்மலோடு சிரிப்பும் வந்தது.

"அந்த வெயில்லயா கணப்பு?"

"ஒரு நாள் கூடப் பத்த வைக்கலையாம். விருந்தன்னிக்கு கவர்னருக்குக் காய்ச்சல், வரவே இல்லையாம்! அப்புறம் அவுக அப்பாரு அந்தக் கணப்பைப் பேத்துக் கொண்டாந்து இந்தப் பங்களாவுல வச்சாரு. பாவம், செத்துப்போனாரே வாத்தியாரு, அவருதான் எனக்கு இதெல்லாம் சொன்னது. மெட்ராஸ்ல இப்படி வீடு அம்பதுக்கு மேல இருந்துச்சாம். ஒண்ணு காலேஜ் ஆச்சாம், ஒண்ணு சினிமா ஸ்டூடியோ ஆச்சாம், பாக்கி எல்லாம் செங்கலாப் போச்சாம். இருக்குறப்பவே யாராவது எழுதி வைக்கணும்னு அலைஞ்ச மனுசன்."

"வீட்டுல இப்ப யாரு இருக்கா?"

இப்ராம்சா குரலைத் தாழ்த்தினார்.

"ஜமீன்தாரோட தங்கச்சி, வள்ளி நாச்சியாரு. பதினேழு வயசுல புருஷனைப் பறிகுடுத்தவுக. பின்கட்டுல ரெண்டு ரூமுல கெடக்குறாக. நாளைக்கு எழுதுனதும் அவுகளும் தெருவுலதான். எனக்கே கேக்க வயிறு எரிஞ்சுச்சுங்க. நேத்து நாலரை மணிக்குக் கிளப்புக்குப் போனேன், ஜமீன்தார்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாம்னு. ஆளைக் காணோம்."

"காணோமா? கிளப்புலயா?"

"இப்பத்தான் நடந்து போனாருன்னு பேரர் சொன்னான்."

குருநாதன் அடைத்த மூக்கைத் தேய்த்தார்.

"எங்கூட உள்ள வாங்க பாய்."

* * *

ஹாலில் துரைப்பாண்டியன் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தரையில் கறை மட்டும் இருந்தது. துப்பாக்கி பழையபடி சுவரில் தொங்கியது. நாலரை மணிக்கு அவர் கிளப்பில் இல்லாததைக் குருநாதன் கேட்டார்.

"நேத்து நான் கிளப்புல இருந்து கொஞ்ச நேரம் ஏரியைச் சுத்தி நடந்தேன். அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல சார். சுப்புராஜ், ஏறுய்யா."

சுப்புராஜ் கணப்புக்குள் குனிந்து நுழைந்து, புகைபோக்கிக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கு சார்! கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கான்! மூட்டை மூட்டையா... ஏழு மூட்டை!"

"வேணாங்க சாமி!" மலைச்சாமி விலங்கிட்ட கையோடு தரையில் விழுந்தான். "என்னய அடிங்க, கொல்லுங்க... அத மட்டும் தொடாதீக!"

தொப்!

முதல் கட்டு சாம்பலில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது.

தங்கம் இல்லை. வெள்ளி இல்லை.

பூண்டு!

காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிய மலைப்பூண்டு!

"பூண்டா?" ஜமீன்தாரின் டீக் கோப்பை தெறித்தது. "எங்க தாத்தா சீமையில இருந்து எறக்கின பளிங்குக் கணப்புல... பூண்டாடா, நாயே!"

பூட்ஸ் காலால் மலைச்சாமியின் முகத்தில் ஓர் உதை. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியவரைக் குருநாதன் தள்ளினார்.

சின்னத்தாயி புருஷனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"விதைப்பூண்டுங்கய்யா! எங்க ஊருல அடுப்புக்கு மேல பொகையில கட்டித் தொங்க விடுவோம். இந்த வருசம் மழையில ஏழு வீட்டுக் கூரையும் ஒழுகி, தொங்குனது பூரா அழுக ஆரம்பிச்சுருச்சு. சீசன் இல்லாதப்ப எசமான் வர மாட்டாகளேன்னு, மிச்சத்த இவரு இங்க கொண்டாந்து கட்டுனாரு. ஈரம் படாத எடம் இது ஒண்ணுதான். வெள்ளிக்கெழம திடீர்னு வந்துட்டாக, எறக்க முடியல. ரூமுல கரி அடுப்பு வச்சுக் குடுத்து, ஹால்ல நெருப்பே போடாமப் பாத்துக்கிட்டாரு. இது போச்சுன்னா அடுத்த வெள்ளாமைக்கு ஏழு குடும்பத்துக்கும் ஒண்ணும் இல்லீங்க. அதான் வாயத் தொறக்கல!"

"இதுக்காகவாய்யா தூக்குல தொங்கப் பாத்த?" குருநாதனுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

"எசமான் பாத்தா ஏரியில எறிஞ்சிருவாகங்க," என்றான் மலைச்சாமி ரத்தத்தைத் துப்பிவிட்டு.

குருநாதன் ஒரு கட்டைக் கையில் எடுத்தார். ஒரு காய்ந்த தண்டை மட்டும் உருவினார். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்தார்.

பக்!

கண் சிமிட்டும் நேரத்தில் தண்டு முழுவதும் எரிந்து, விரலைச் சுட்டது. அவர் அதை உதறினார்.

"ஜமீன்தார் சார்... நேத்து இதுக்கு அடியில ஆளுயரத்துக்கு நெருப்பு எரிஞ்சுது. இல்ல?"

ஜமீன்தார் பூண்டுக் கட்டுகளைப் பார்த்தார்.

"அது... அவ்வளவு பெரிசா எரியல. சின்னதாத்தான்..."

"சின்ன நெருப்பு வெளிச்சத்துலயா கம்பியை ஓங்கினதைப் பாத்தீங்க? சரி, சின்னதாவே வச்சுக்குவோம். மேல ஒரு கயிறு கூடக் கருகலையே? சுப்புராஜ்! நேத்து நாம வந்தப்ப இங்க பூண்டு சுட்ட வாசனை வந்துச்சா? என் மூக்கைக் கேக்காத, அது லீவுல இருக்கு."

சுப்புராஜ் யோசித்தார்.

"பூண்டு வாசனை வரல சார். சந்தன சோப்பு வாசனைதான் வந்துச்சு."

"யார்கிட்டேர்ந்து?"

"ஜமீன்தார்கிட்டேர்ந்து சார்!"

"அக்டோபர் மாசம், சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, கொடைக்கானல்ல தலைக்குக் குளிக்கறவன் ரெண்டே ரகம். ஒண்ணு பைத்தியம். இன்னொண்ணு, தலையில அடுத்தவன் ரத்தம் தெறிச்சவன்!"

"சப் இன்ஸ்பெக்டர்! நாக்கை அடக்கு!"

"காகிதத்தை உங்க பாத்ரூம்ல, வெந்நீர் பாய்லருக்குள்ள போட்டுக் கொளுத்தினீங்க. கதவைச் சாத்திக்கிட்டா யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் சாம்பலை அள்ளிக்கிட்டு வந்து இங்க கொட்டினீங்க. பழி மலைச்சாமி மேல விழணும்ல? எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா பொறந்ததுலேர்ந்து நீங்க இந்த ஹாலுக்கு வர்றப்பல்லாம் கணப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கும். யாரு வெறகு வச்சான், யாரு பத்த வச்சான்னு ஒரு தடவை கூடக் குனிஞ்சு பாத்தது இல்ல. அதான் பொய் சொல்றப்பவும் நெருப்பு தானா எரிஞ்சிருச்சு!"

குருநாதன் கையை நீட்டினார்.

"பாத்ரூம் சாவியைக் குடுங்க."

ஜமீன்தார் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். சாவியை எடுத்தார். குருநாதனின் முகத்தில் எறிந்தார். அடுத்த விநாடி சுவரிலிருந்த துப்பாக்கி அவர் கையில்!

டுமீல்!

சுப்புராஜ் அலறியபடி சுழன்று விழுந்தார். இடது தோளில் ரவைகள் பாய்ந்து காக்கிச் சட்டை சிவந்தது. இப்ராம்சா மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

இரண்டாவது குழல் குருநாதனின் மார்புக்கு நேராகத் திரும்பியது.

"எங்க தாத்தா கட்டின வீடுடா அது! தாலியறுத்த ஒருத்திக்கு எழுதி வைக்க எங்கப்பனுக்கு என்ன கிறுக்கா? அந்த உயிலைத் தேடிக் கண்டுபிடிச்சு எங்கிட்டயே வந்து காட்டறான் அந்த வாத்தி! 'உங்க தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க, சரித்திரம் உங்களை மதிக்கும்'கறான்! மதிக்குமாம்..."

விரல் அழுந்தியது.

அதற்குள் கணப்பருகே இருந்த சின்னத்தாயி இரண்டு கைகளாலும் சாம்பலை அள்ளி அவர் கண்ணில் வீசினாள்!

"ஆஆ!"

ஞானவேலின் எட்டு வருஷத்து எழுத்து, கடைசியில் ஜமீன்தாரின் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளியது.

டுமீல்!

ரவைகள் கூரையைத் துளைத்தன. சரவிளக்கின் சங்கிலி 'கிரீச்' என்றது. ஜமீன்தார் கண்ணைக் கசக்கியபடி மல்லாந்து விழுந்தார். குருநாதன் சின்னத்தாயியை இழுத்துக்கொண்டு உருண்டார்.

முந்நூறு கண்ணாடித் துண்டுகளோடு சரவிளக்கு இறங்கியது. நேராக ஜமீன்தாரின் தொடை மேல்!

எலும்பு முறிந்த சத்தம் கண்ணாடிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மேஜைக்கு அடியிலிருந்து இப்ராம்சா எட்டிப் பார்த்தார்.

"யா அல்லா! என் சரவிளக்கு!"

* * *

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். சுப்புராஜின் தோளில் கட்டுப் போட்டார். பாய்லருக்குள் பாதி எரிந்த தோல் அட்டை ஒன்று அகப்பட்டது. அதில் ஞானவேலின் பெயர் தெளிவாக இருந்தது.

மலைச்சாமியின் விலங்கைக் குருநாதனே கழற்றினார். சுப்புராஜ் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"என்னய மன்னிச்சிருய்யா," என்றார் மெதுவாக.

"வலி கொறஞ்சிருச்சுங்க," என்றான் மலைச்சாமி. அது பொய்.

சோபாவில் கிடந்த துரைப்பாண்டியன் திடீரென்று சிரித்தார். கால் நொறுங்கிய மனிதர் சிரிக்கிற சிரிப்பா அது!

"என்னைத் தூக்குல போடுவீங்க. போடுங்க. ஆனா உயில் எங்க? சாம்பல்! வாத்தியோட பைல் பூரா கொளுத்திட்டேன். உயில் ஒரே ஒரு காப்பிதான், ரிஜிஸ்டர் பண்ணாதது. நான் செத்தா வீடு என் மகனுக்கு. வள்ளி தெருவுக்குத்தான்!"

 கொலைகாரன் அகப்பட்டான். செத்தவர் எதற்காகச் செத்தாரோ அது ஜெயிக்கவில்லை. குருநாதனுக்கு நெஞ்சு கசந்தது.

தரையில் சின்னத்தாயி கட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது கட்டைக் கையில் எடுத்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏங்க, இது நம்ம கட்டுதான? இத யாரு அவுத்துக் கட்டுனது?"

"நான் அவுக்கலையே," என்றான் மலைச்சாமி.

"நாம நார்லதான கட்டுவோம்? இதுல என்னமோ கறுப்புக் கயிறு கெடக்கு. முடிச்சும் நம்ம முடிச்சு இல்ல."

குருநாதன் பாய்ந்து வந்தார்.

கறுப்புக் கயிறு இல்லை அது.

ஷூ லேஸ்!

வலது கால் ஷூ லேஸ்!

"மலைச்சாமி! வாத்தியார் இந்தக் கணப்புக்குள்ள எப்பவாவது தலைய விட்டாரா?"

"சனிக்கெழம காலையில விட்டாருங்க. கையில டார்ச்சு லைட்டு. இதச் செஞ்ச கம்பெனிக்காரன் பேரு உள்பக்கம் செதுக்கியிருக்கும், மெட்ராஸ்ல எல்லா வீட்டுலயும் இப்படித்தான் தேடுவேன்னாரு. எனக்கு உசுரே போயிருச்சு. ஆனா வெளிய வந்து ஒண்ணுமே சொல்லலீங்க. என்னயப் பாத்து லேசாச் சிரிச்சாரு. பாத்திருக்க மாட்டாருன்னு நெனச்சேன்..."

மலைச்சாமி அந்த லேஸைத் தொட்டுப் பார்த்தான்.

"பாத்திருக்காருங்க. பாத்துட்டும் காட்டிக் குடுக்கலியே அந்த மகராசன்!"

அவன் அழுதான். அத்தனை அடிக்கும் அழாதவன் வாய்விட்டு அழுதான்.

சாகும்போது ஞானவேல் கையை எதற்கு மேலே நீட்டினார் என்று இப்போது தெரிந்தது. ஜமீன்தாரை நம்பி உயிலைக் காட்டினாரே தவிர, அவர் கையில் கொடுத்துவிடவில்லை. காவல்காரன் உயிரைக் கொடுத்தாவது பாதுகாக்கிற இடம் எது என்று பார்த்து, அங்கே வைத்துவிட்டார்!

குருநாதன் லேஸை அவிழ்த்தார். பூண்டுகளுக்கு நடுவே நான்காக மடித்த பழுப்புக் காகிதம். 1931-ஆம் வருஷம். பெரிய ஜமீன்தாரின் கையெழுத்து. கீழே இரண்டு சாட்சிகள். சென்னையில் உள்ள வெள்ளியம்பட்டி ஹவுஸ் முழுவதும் மகள் வள்ளி நாச்சியாருக்கு.

துரைப்பாண்டியனின் சிரிப்பு நின்றது.

"பாய், மெட்ராஸ்ல கதவு எதுவும் கழட்ட வேண்டாம்," என்றார் குருநாதன். "சுப்புராஜ், நாச்சியாருக்கு மெட்ராஸுக்குத் தந்தி அடி. சின்னத்தாயி, ஆறு கட்டை எடுத்துட்டுப் போம்மா. இந்தக் கட்டு மட்டும் சாட்சியா கோர்ட்டுக்குப் போகணும்."

"அது எங்க கட்டுதாங்க. வச்சுக்கிடுங்க. ஊரு வெதை தப்பிச்சிருச்சுல்ல, அது போதும்."

குருநாதன் உயிலை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

மூக்கு திறந்துவிட்டது! மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வாசனை!

தோளில் பேண்டேஜோடு சுப்புராஜ் பக்கத்தில் வந்து, வலது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சார், இந்த நாத்தம் நாறுதே... இதைக் கோர்ட்டுல ஏத்துக்குவாங்களா?"

"கட்டாயம் ஏத்துக்குவாங்கய்யா! இந்தக் குடும்பத்துக் காகிதத்துலயே, உள்ள எழுதியிருக்கற விஷயம் நாறாதது இது ஒண்ணுதான்!"